கண் திறவாத முகம்

வெள்ளாற்றின் மேல் கார்காலத்து அந்தி இறங்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் கொட்டிய மழை சற்றே ஓய்ந்திருக்க, மேகக் கிழிசலின் வழியாக எட்டிப் பார்த்த முழுநிலா, செந்நீர் சுழித்தோடிய ஆற்றையும் அதன் கரையில் கறுத்து நின்ற ஆலந்துறைக் கோட்டையின் மதில்களையும் ஒரு கணம் காட்டுவதும் மறுகணம் மறைப்பதுமாக விளையாடியது. நீர்வாசலில் தீவர்த்திகள் எரிந்தன, முரசுகள் அதிர்ந்தன. வடதிசைப் போருக்குச் சென்றிருந்த இளவரசன் இளங்கண்டன் திரும்பி வருகிறான் என்று ஊரே அங்கு திரண்டு நின்றது. அவனைக் காண எல்லோரையும்விட அதிகமாகத் துடித்திருக்க வேண்டியவளோ, அந்தப்புரத்துப் பள்ளியறையில் ஒரு சுவரைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

வாசகர்களே, மணமாகிப் பல மாதங்கள் ஆன பிறகும் கணவனின் முகத்தைப் பார்த்திராத பெண்ணை நீங்கள் கண்டதுண்டா? கடற்கரைப் பட்டினமான புன்னைத்துறையின் தலைவர் மகள் வீராணி அப்படிப்பட்டவள். மாப்பிள்ளை பாசறையில் இருந்தமையால், அரசகுல வழக்கப்படி அவன் அனுப்பிய வாளை மணவறையில் நிறுத்தி, அதற்கு மாலை சூட்டி அவளுக்கு மணம் முடித்துவிட்டார்கள். இளங்கண்டனோ சிறு பிள்ளையிலிருந்து பேரரசரின் தலைநகரில் வளர்ந்தவன். அதனால் கோட்டையில் இருந்தவர்களுக்கும் அவன் முகம் தெரியாது. அவனுக்குப் பதிலாக அவனுடைய சிற்றப்பர் பூதியார்தான் ஆட்சியை நடத்திவந்தார். பதவியைச் சுமையென்று சொல்லிக்கொண்டே இறுகப் பிடித்துக்கொள்ளும் மனிதர் அவர்.

புது மருமகளின் அறைச் சுவர்களில் அவள் கேட்டதையெல்லாம் ஓவியமாக எழுதித் தருவது ஆலந்துறை வழக்கம். அன்னமும் தாமரையும் கேட்பாள் என்று எதிர்பார்த்தவர்கள் அசந்து போனார்கள். வெயிலில் மின்னும் உப்புக் குவியல், உலரும் வலைகள், புன்னைப்பூ உதிர்ந்த மணல், தகப்பனார் வீட்டு வாசலில் படுத்துக் கிடக்கும் ஒற்றைக்காது நாய் என்று தன் ஊரையே அந்த அறைக்குள் கொண்டுவரச் சொன்னாள் வீராணி. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மட்டும் கொஞ்சம் இடத்தை வெறுமையாக விட்டாள்.

"அங்கே என் கணவரின் முகத்தை எழுதுங்கள். அவர் வரும் நாளில் யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோல் நான் விழிக்கக் கூடாது" என்றாள், வெட்கத்தை மறைக்கத் தெரியாமல்.

பாசறையில் இளவரசனுக்கு அருகிலேயே இருந்துவிட்டுத் திரும்பியிருந்த ஓவியன் சேந்தன் அந்த முகத்தை எழுதினான். உருண்டைக் கன்னம், முறுக்கிய மீசை, சிரிக்கும் கண்கள். அது முடியும்வரை பூதியார் கூடவே நின்று பார்த்தார். அன்றுமுதல் வீராணி அந்த முகத்தோடு பேசப் பழகினாள். சில நாள் அதனோடு ஊடல்கூடக் கொண்டாள் என்றால் நம்புவீர்களா?

பிறகுதான் மழை பிடித்தது. சுவர்கள் வியர்த்தன. ஓர் அந்தியில் மீசையின் ஒரு முனை உதிர்ந்து, அடியில் மீசையே இல்லாத உதடு ஒன்று தெரிந்தது. மறுநாள் கன்னம் ஒட்டிப்போனது. அடுத்து நெற்றியில் ஒரு தழும்பு எழுந்தது. வீராணி பயத்தை விழுங்கிக்கொண்டு அதன்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டாள். ஆனால் அந்தி வந்தால் திரையை விலக்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை.

இன்று விலக்கியபோது, சிரித்த கண்கள் வண்ணப் பொடியாகத் தரையில் கிடந்தன. அவை இருந்த இடத்தில் கருவிழியே இல்லாத இரண்டு வெண்மைகள் அவளை நோக்கின.

"அம்மா, வேணாம்மா! திரைய இழுத்து வுட்டுடுங்க. இது சொவத்துல எழுதுன படமில்ல, யாரோ உள்ளேருந்து வர்றாங்க" என்று தோழி நாச்சி அழாக்குறையாகக் கெஞ்சினாள்.

"சேந்தனைக் கூப்பிடு. ஓவியம் பழுதாகிவிட்டது, இளவரசர் வருமுன் செப்பனிட வேண்டும் என்று மட்டும் சொல்."

சேந்தன் வந்தான். அவனைக் கண்காணிக்க எப்போதும் அவனோடு வரும் பூதியாரின் வேல்வீரன், ஆண்களின் காவல் அந்தப்புர வாசலோடு சரி என்பதால் வெளியே நின்றுவிட்டான். சுவரைப் பார்த்ததும் ஓவியனின் கண்கள் கலங்கின. ஆனால் அவற்றில் வியப்பே இல்லை.

"இது யார் முகம்?" என்றாள் வீராணி, தாழ்ந்த குரலில்.

"தங்கள் கணவரின் முகம், தேவி. பூதியார் பார்க்க வருமுன் ஈரச் சுண்ணத்தில் முதலில் எழுதியது இதுதான். சுவர் உள்ளவரை இது அழியாது. மேலே இருந்தது பூதியார் எழுதச் சொன்ன முகம். இதை வெள்ளை பூசி மறைத்து, காய்ந்த பின் அதன்மேல் பசை வண்ணத்தால் எழுதினேன். மழைக்குத் தாங்காது என்று தெரிந்தே எழுதினேன். என் மனைவி அவர் காவலில் இருக்கிறாள். வாய் திறந்து சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை."

"இவருக்கு ஏன் கண் எழுதவில்லை?"

சேந்தன் தலையைக் குனிந்துகொண்டான். "ஓவியர்கள் கருவிழி எழுதிக் கண் திறப்பது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், தேவி."

வீராணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"போரிலா?"

"இல்லை. பாசறையில், பூதியாரின் ஆள் நஞ்சு கலந்து கொடுத்த பாலில். இப்போது படகில் வருகிறவன் பூதியாரின் மகன். மறைவாக வேற்றூரில் வளர்ந்தவன். சபையில் தாங்கள் மணவறையில் நின்ற அந்த வாளை அவன் கையில் கொடுத்துவிட்டால் நாடும் அவனுடையது, தாங்களும் அவனுடையவர்."

அவள் அந்த முகத்தை விரலால் தொட்டாள். சுவர் சில்லென்றிருந்தது. ஒட்டிய கன்னமும் தழும்பும் உள்ள அந்த எளிய முகம், முன்பு மேலே இருந்த அழகனைவிட ஆயிரம் மடங்கு அவளுக்குப் பிடித்திருந்தது. அது இனி ஒருநாளும் தன்னைப் பார்க்காது என்பதை நினைத்ததும் அவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

சபா மண்டபத்தில் சங்குகள் முழங்கின. உருண்டைக் கன்னமும் முறுக்கிய மீசையுமாக, எழுதி வைத்த ஓவியம் எழுந்து வந்தாற்போல் அந்த இளைஞன் நின்றான். மணநாளில் அந்த வாளின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்த வீரர்கள் இருபுறமும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் தளபதி மழபாடியார்.

"மருமகளே, கணவரிடம் வாளைக் கொடு" என்றார் பூதியார், தேன் ஒழுகும் குரலில்.

இளைஞன் கையை நீட்டினான். வீராணி தான் ஏந்தி வந்த வாளை உறையிலிருந்து உருவித் தன் மார்போடு நிறுத்திக்கொண்டாள்.

"நான் மாலையிட்டது இந்த வாளுக்கு. கணவரைத் தூக்கி இன்னொருவர் கையில் கொடுக்கும் வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை, மாமா."

"பித்துப் பிடித்துவிட்டதா உனக்கு? எதிரில் நிற்கும் கணவனையே தெரியவில்லையா?"

"என் கணவரின் முகம் எனக்குத் தெரியும். இன்றுதான் பார்த்தேன். உங்கள் ஆள் கொடுத்த பாலைக் குடித்த முகம் அது."

பூதியார் ஓரடி பின்வாங்கினார். இளைஞனின் நீட்டிய கை தானாகத் தாழ்ந்தது. அந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்த மழபாடியார் தம் வாளை உருவினார். அவர் நடந்து வந்து வீராணியின் காலடியில் அதை வைத்து மண்டியிட்டார்.

"நாங்கள் சத்தியம் செய்த வாள் தங்கள் கையில் இருக்கிறது. என்ன கட்டளை, தாயே?"

"முதலில் ஓவியரின் மனைவியை விடுவியுங்கள். பிறகு கோட்டை வாயில்களை அடைத்துவிடுங்கள்" என்றாள் வீராணி. "என் கணவருக்குப் பால் கொடுத்த கையும் கொடுக்கச் சொன்ன நாவும் நியாயத்தின் முன் நிற்கும்வரை இந்த வாள் உறைக்குள் போகாது. அதுவரை நான் அவருக்காக அழவும் மாட்டேன். இது சத்தியம்!"