போயிட்டு வாரேன்

முனீஸ்வரி அந்த வரியைத் தொடவே இல்லை. ஆனாலும் அது நீண்டிருந்தது.

அந்த டெக்ஸ்ட் எடிட்டர் அவள் செய்தது. கம்பத்தில் பத்திரம் எழுதும் தன் கணவன் கர்ணனுக்காக, வீட்டிலிருந்தே ஆறு மாதம் உட்கார்ந்து செய்தாள். மெனுவில் ஒரு சொல்லைக்கூட அவன் சும்மா விடவில்லை. 'மூடு' என்றால் வாயை மூடு என்பது போலிருக்கிறதாம். 'வெளியேறு' என்றால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரியாம்.

“வீட்டை விட்டுக் கெளம்பும்போது என்ன சொல்லுவோம்? போயிட்டு வாரேன்னு வையி,” என்றான்.

சிரித்துக்கொண்டே வைத்தாள். அதை அழுத்தினால் பாதியில் நின்ற வரி, கர்சர் நின்ற இடம் எல்லாம் அப்படியே சேமிக்கப்படும். மறுபடி திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பதினெட்டு நாளுக்கு முன்னால், வீட்டை அவள் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை அவன் எழுதிக்கொண்டிருந்தான். 'தற்சமயம் வசிக்கும் இடம்' என்று அடித்தபோது குமுளிக்குப் போகும் ஏலக்காய் ஜீப் வாசலில் ஹாரன் அடித்தது. 'போயிட்டு வாரேன்' என்பதை அழுத்தினான், வாயாலும் சொன்னான். லோயர்கேம்ப் மலைப்பாதையில் ஜீப் உருண்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள். அவள் அழவில்லை. தினமும் மத்தியானம் எடிட்டரைத் திறந்து அந்த வரியைப் பார்ப்பாள். அவன் கடைசியாக அடித்தது அதுதான்.

இன்று அதன் பின்னால் இருந்தது: 'லோயர்கேம்ப், மூன்றாவது வளைவு'.

மறுநாள் 'கூடலூர்' என்றிருந்தது. அதற்கு மறுநாள் 'கம்பம், பஸ் ஸ்டாண்ட்'. மலையிலிருந்து இறங்கிய காற்று ஜன்னல் கதவை விடாமல் ஆட்டிக்கொண்டிருக்க, டீசலும் நசுங்கிய ஏலக்காயும் கலந்த வாசம் தெருவிலிருந்து மெல்ல ஏறி வந்து, அவன் சட்டைகள் தொங்கும் கொடியருகே போய்த் தங்கியது. பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. மனசு மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது.

நான்காம் நாள், அவர்களுடைய தெருவின் பெயர்.

அப்போதுதான் பயம் வந்தது. மெனுவில் புதிதாக ஒரு சொல்லைச் சேர்த்தாள். 'போறேன்'. சேமித்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூடும். அவனுடைய கடைசி வரியும் போய்விடும். அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல் அது.

“மன்னிச்சிருங்க,” என்றாள். அழுத்தினாள்.

மறுபடி திறந்தாள். வெறும் பக்கம்.

காற்று நின்றது. ஏலக்காய் வாசம். இப்போது மிக அருகில்.

பக்கத்து நாற்காலி முனகியது. அவன் உட்காரும்போது முனகுவது போலவே.

கீபோர்டில் யார் கையும் இல்லை. விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கின.

'கதவு எண் 14.'

மெனு தானாகத் திறந்தது. 'போறேன்' இல்லை. 'போயிட்டு வாரேன்' இல்லை.

வெளியே போக அதில் ஒரு சொல்லும் இல்லை.