எதிர்வார்டு மெத்தை

காலை ஆறு மணி. காட்டூர் மூன்றாவது குறுக்குத் தெருவில் அழகிரி பைக்கை நிறுத்தியபோது வாசல் கோலங்களில் இன்னும் ஈரம் காயவில்லை. ஏதோ ஒரு வீட்டில் குக்கர் விசிலடித்தது. பார்க்க ஒரு கெடுதலும் இல்லாத தெரு. காலி மனைச் சுவரோரம் மட்டும் அந்தப் பெரிய இலவம்பஞ்சு மெத்தை இரண்டாக மடிந்து கிடந்தது.

அந்த மெத்தையைப் பத்து நாளைக்கு முன்பே எரித்தாயிற்று.

அவன் அந்த வார்டின் துப்புரவு சூப்பர்வைசர். கட்டில், மெத்தை, பீரோ மாதிரி பெரிய சாமானைத் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டி ஏற்றாது. அதற்கென்று ஒரு லாரி உண்டு. வந்தால் வரும், வராவிட்டால் யாரைக் கேட்பது? அதுவரை ஜனங்கள் மாநகராட்சி ஆப்பில் போட்ட புகார் அவன் போனில் சிவப்பாக முறைத்துக்கொண்டே இருக்கும். அழகிரி கைவசம் ஒரு வைத்தியம் வைத்திருந்தான். தெருவின் எதிர்ப்பக்கம் அடுத்த வார்டு. சாமானை அங்கே இழுத்துத் தள்ளிவிட்டு, வெறும் சுவரைப் போட்டோ எடுத்து ஏற்றினால் போதும், 'தீர்க்கப்பட்டது' என்று பச்சையாகிவிடும். அப்புறம் அது எதிர்வார்டுக்காரன் தலைவலி.

அடைமழை பெய்த ஒரு காலையில் இந்த மெத்தையையும் அப்படித்தான் தள்ளினான். கூடப் பிடித்தவர் துப்புரவுத் தொழிலாளி முஜிபுர் ரஹ்மான்.

"சார், செம கனமா இருக்கு. உள்ள யாரோ இருமுற மாதிரி கேக்குது."

"எலியா இருக்கும். இழுங்க."

எலி இருமாது என்று அழகிரிக்குத் தெரியாதா என்ன? சட்டை நனைந்த எரிச்சல், இன்னும் ஒன்பது புகார் பாக்கி. எதிர்ப்பக்கச் சாக்கடை ஓரமாகத் தள்ளிவிட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து எதிர்வார்டுக்காரர்கள் மெத்தையைப் பிரித்தபோது உள்ளே ஒரு பெரியவர் விறைத்துக் கிடந்தார். மழைக்கு ஒதுங்க அதற்குள் புகுந்தவர். ஊர், பேர் எதுவும் தெரியவில்லை. உடலை வண்டியில் ஏற்றினார்கள், மெத்தையை எரித்தார்கள். முஜிபுர் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். அழகிரி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், ஜெயிலும் வரும். வீட்டில் பெண்டாட்டி, ஐந்து வயதுப் பெண் குழந்தை.

காலி மனைக்குப் பக்கத்து வீட்டுக் குமுதவல்லி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியை. புகார் போட்டது அவர்தான்.

"முடிச்சாச்சுன்னு போட்டோ போட்டீங்களே, இது என்ன சார்? மேலிடத்துக்கு எழுதினாத்தான் வேலை நடக்குமா?"

மேலிடத்துக்குப் போனால் பழைய போட்டோவைத் தோண்டுவார்கள்.

"இப்பவே எடுத்துடறேன்மா. எழுதாதீங்க."

"பிரிச்சுப் பாத்துட்டு எடுங்க சார்." அவர் குரல் தணிந்தது. "ரெண்டு நாளா உள்ள யாரோ இருமுறாங்க. எனக்குக் கிட்டப் போகவே பயமா இருக்கு."

அழகிரி குனிந்தான். சாக்கடை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. பத்து நாளாகத் திருச்சியில் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் மெத்தையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பிரித்துப் பார்த்துவிட்டால் போதும். ஒரே ஒரு தடவை. கை மடிப்பு வரைக்கும் போனது.

உள்ளே யாரோ இருமினார்கள்.

மெதுவாக. ரொம்பக் களைத்துப்போய்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பெரியவரே, என்னை விட்டுடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினான். கெஞ்சினானே தவிர, பிரிக்கவில்லை. முனையைப் பிடித்துத் தெருவின் குறுக்கே தனியாளாக இழுத்தான்.

இழுக்கவே வேண்டியிருக்கவில்லை.

அது கூடவே வந்தது.

சாக்கடை ஓரம் விட்டுவிட்டு ஓடிவந்து, வெறும் சுவரைப் போட்டோ எடுத்து ஏற்றினான். பச்சை விழுந்தது. குமுதவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தஞ்சாவூர் ரோட்டு டீக்கடையில் முதல் வாய் உறிஞ்சும்போது போன் அடித்தது. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் மேலூர் வீட்டிலிருந்து மனைவி ரங்கநாயகி.

"ஏங்க, நம்ம வாசல்ல யாரோ ஒரு மெத்தையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. இருமல் சத்தம் கேட்டுச்சு, பிரிச்சுப் பாத்தேன். உள்ள ஒரு பெரியவருங்க. ஐயோ பாவம், தொப்பலா நனைஞ்சு வெடவெடன்னு நடுங்குறாரு. உள்ள கூட்டியாந்து படுக்க வெச்சிருக்கேன்."

ரோட்டில் வெயில் பளீரென்று அடித்தது. கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

"பாப்பா எங்க?"

"அவரு பக்கத்துலதான். துண்டால தலை துவட்டி விடுறா."

"ரங்கு, பாப்பாவைத் தூக்கிட்டு வெளிய வா. இப்பவே வா!"

"ஏன் கத்துறீங்க? அவரு சாதுவாத்தான் இருக்காரு. என்ன கேட்டாலும் ஒண்ணையேதான் திரும்பத் திரும்பச் சொல்றாரு."

"என்ன... என்ன சொல்றாரு?"

"'எலியா இருக்கும், இழுங்க'ன்னு. அப்படின்னா என்னங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் போனில் பாப்பாவின் சிரிப்பு கேட்டது. அதற்குப் பின்னால், தரையில் ஈர மெத்தை இழுபடும் சத்தம்.