உடையாத ஜிப்சம்

சமையலறைக் கதவை மூன்று நாளாகச் சாத்த முடியவில்லை. நேற்று கதவு நிலையில் காகிதம் நுழையும் அளவு இருந்த இடைவெளியில் இன்று விரல் நுழைந்தது. ஆனால் அதே சுவரில், விரிசலின் குறுக்கே அப்பியிருந்த ஜிப்சம் வில்லையில் ஒரு கீறல்கூட இல்லை. பாரசீக மாதக் கணக்கில் ‘ஆபான் 3’ என்று பெஹ்ஜத் தன் கையால் எழுதிய தேதி அப்படியே இருந்தது.

யூசுஃபாபாத் பகுதியில் அவர்களின் ஐந்து மாடிக் கட்டடத்தை ஒட்டி, பழைய வீட்டை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மீட்டர் பள்ளம் தோண்டியிருந்தார்கள். இந்த வருடம் கட்டட நிர்வாகி முறை பெஹ்ஜத்துடையது. ஊர் வழக்கப்படி ஏழு விரிசல்களில் ஜிப்சம் அப்பித் தேதி போட்டிருந்தாள். சுவர் அசைந்தால் வில்லை உடையும், உடைந்தால் நகராட்சி வேலையை நிறுத்தும். உடையாத வரை அவள் பேச்சு எங்கேயும் எடுபடாது. கணவன் கியூமர்ஸ் முதுகெலும்பு அறுவைக்குப் பின் அசையாமல் படுத்திருந்ததோ தரைத்தளத்தில், பள்ளத்தை ஒட்டிய அறையில். வெறும் சந்தேகத்துக்காக அவனைத் தூக்கி, எசகுபிசகாக ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் படுக்கைதான். விட்டுவைத்தாலோ சுவர் அவன்மேலேயே சாயலாம்.

காவலாளி ரஜபின் காலில் புது ஷூவைப் பார்த்ததும் அவளுக்குப் பொறி தட்டியது.

“ஷூ யாரு வாங்கிக் குடுத்தது, ரஜப்? பள்ளத்து எஞ்சினியரா?”

“அவரா? ஒரு டீ வாங்கித் தந்ததில்ல டீச்சரம்மா, கஞ்சப்பய! இது மச்சான் குடுத்தது.”

“வில்லைய யாரோ மாத்தறாங்க.”

“மாத்துனா உங்க கையெழுத்து எப்படி வரும்? நான் கைநாட்டு.”

அவள் நம்பவில்லை. வேதியியல் டீச்சரிடமா விளையாடுகிறான்? வியாழன் மாலை ஏழு வில்லைகளையும் பெயர்த்தெடுத்து, பள்ளி ஆய்வகத்துப் பொடி ஒன்றைக் கலந்து புது வில்லைகள் அப்பி, ‘ஆபான் 12’ என்று எழுதினாள். சலவை சோடா கரைத்த தண்ணீர் பட்டால் அவளுடைய வில்லை இளஞ்சிவப்பாகும். வேறு கை அப்பியது வெள்ளையாகவே நிற்கும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வார விடுமுறை. மற்ற நான்கு குடும்பங்களும் மலைப்பக்கம் போய்விட, ரஜபும் மச்சான் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, அவளே வாசலை உள்ளே தாழிட்டாள். பள்ளத்தில் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. வெந்தயக்கீரைக் குழம்பின் மணத்துக்கு அடியில் ஈரக்களிமண்ணின் புளித்த வாடை வீடு முழுக்கப் பரவி, மதிய வெயில் ஜன்னலில் விழுந்தும் தரை மட்டும் ஜில்லென்றிருந்தது.

மாடிப்படியில் மூன்று வில்லைகளும் சிவந்தன. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டும் சிவந்தன. சமையலறைக்கு வந்து அங்கிருந்த இரண்டில் ஒன்றைத் துடைத்தாள். சிவப்பு. கதவருகே இருந்ததைத் துடைத்தாள்.

வெள்ளை.

மறுபடி துடைத்தாள். வெள்ளைதான். விரலில் ஈரமாக ஒட்டியது. பத்து நிமிடம் முன்புவரை அவள் இங்கேதான் குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். தேதி அவளுடைய கையெழுத்தில் இருந்தது.

“கியூமர்ஸ்! யாராவது உள்ள வந்தாங்களா?”

“என்னைத் தூக்கிட்டுப் போக அழகி யாராவது வந்தாத்தானே?” அறையிலிருந்து சிரித்தான். “நீதான் சுவத்துல என்னமோ பூசிட்டிருக்க. சத்தம் கேக்குது.”

“எப்போ?”

“இப்பதான். இன்னும் கேக்குதே.”

அவள் கையில் துணி மட்டும்தான் இருந்தது. காதைச் சுவரில் வைத்தாள். சரக்... சரக்... ஈரமான தேய்ப்பு. சுவருக்குள்ளே.

டிக்.

கண்ணெதிரே வில்லை இரண்டாகப் பிளந்தது. பிளவுக்குள்ளிருந்து வெள்ளைக் குழம்பு பிதுங்கியது. அதன் பின்னால் ஒரு விரல். மெலிந்த, நீளமான விரல். உடைப்பை மெல்லத் தடவி மூடியது. நகத்தால் எழுதத் தொடங்கியது. ஆபான்...

உடையவேண்டியது எத்தனை முறை உடைந்ததோ! ஒவ்வொரு முறையும் மூடி எழுதி, வீட்டைவிட்டுப் போகவேண்டியவர்களை இந்த விரல் உட்காரவைத்துவிட்டதே!

“கியூமர்ஸ்!”

“என்ன?” போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் அமுங்கியிருந்தது.

ஓடினாள். கூப்பிட்டால் கேட்கவேண்டும் என்று அவன் அறைக்கதவை அவள் சாத்துவதே இல்லை. இப்போது அங்கே கதவும் இல்லை, வழியும் இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை வழவழவென்று ஈர ஜிப்சம். நடுவில் அவளுடைய கையெழுத்து. ‘ஆபான் 13.’ இன்றைய தேதி.

பிறாண்டினாள். நகம் பெயர்ந்தது. பிறாண்டிய பள்ளத்தை உள்ளிருந்து ஏதோ பொறுமையாக நிரவியது.

“பெஹ்ஜத்,” உள்ளே அவன் சிணுங்கினான். “கால்ல என்ன ஜில்லுனு பூசற?”

“நான் இல்ல! கியூமர்ஸ், நான் வெளிய இருக்கேன்!”

அவனுக்குக் கேட்கவில்லை.

“போதும் பெஹ்ஜத். கழுத்துவரைக்கும் வந்துடுச்சு.”

அப்புறம் தேய்ப்பு மட்டும். சரக்... சரக்...