நாலாவது ப்ளக்

அவன் கம்ப்யூட்டரில் எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் டக் என்று சத்தம் கேட்டது.

மேஜைமேல் இருந்த பெட்டியை முறைத்தான். வீட்டு ப்ளக் பாயிண்டுகளைக் கம்ப்யூட்டரிலிருந்தே போடவும் அணைக்கவும் அவன் சொந்தமாகச் செய்த பெட்டி. உள்ளே ப்ளக்குக்கு ஒன்றாக நாலு ரிலே, கரண்டைப் போட்டு அணைக்கும் குட்டி சுவிட்சுகள். ஒவ்வொன்றும் போடும்போதும் அணைக்கும்போதும் டக் என்னும். அதற்கே ராக்கெட் விட்டவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். லைட், ஃபேன், டிவி, அப்புறம் நாலாவது. நாலாவதைப் பற்றி மனைவியிடம் மூச்சு விடவில்லை.

"அப்பாவோட ஆக்சிஜன் மெஷினை மட்டும் உங்க பெட்டியில சேத்துராதீங்க," என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"சேப்பேனா? எனக்கென்ன கிறுக்கா?"

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பியதும் சேர்த்துவிட்டான். பக்கத்து அறை மெஷின் இரைச்சல் இந்தத் துரை எடுக்கிற வீடியோவில் விழுகிறதாம். பெட்டியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற வீடியோ! இன்று மதியமும் அதற்காகத்தான் மெஷினை அணைத்தான். பேசி முடித்ததும் திரையில் நாலாவதை அழுத்தினான். பச்சை எரிந்தது. எழுந்து போய்ப் பார்க்க இடுப்பு வளையவில்லை.

மாமனார் பஸ் கண்டக்டராக இருந்தவர். இப்போது குரல் எழும்பாது. ஏதாவது வேண்டுமென்றால் மோதிரத்தால் சுவரைத் தட்டுவார், வண்டியை நிறுத்தக் கம்பியில் தட்டிய அதே பழக்கத்தில். 'இன்னிக்குக் கிழம் ஒரு தடவைகூடத் தட்டல, பொழைச்சேன்' என்று நினைத்துக்கொண்டான்.

டக்.

வெளியே மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்கு முன்பே அறை இருட்டிவிட்டது, காலையில் வயர்களைப் பற்றவைத்த ஈயத்தின் நெடி இன்னும் மூக்கிலேயே நின்றது, மேஜைக்கடியில் சுருண்டு கிடந்த வயர்களின் நிழல் திரை வெளிச்சத்தில் லேசாக அசைவதுபோல் இருந்தது. காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டான்.

டக். டக்.

"மட்டமான ரிலே. இதை வித்தவனை உதைக்கணும்," என்றான் சத்தமாக. புரோகிராமில் தப்பு இருக்குமோ என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுதியது யார், அவனாயிற்றே! எரிச்சலில் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். அதன் விளக்குகள் எல்லாம் செத்தன.

டக்.

பெட்டி எதிரே இருந்தது. சத்தம் முதுகுக்குப் பின்னால். சுவரிலிருந்து.

திரையில் நாலாவது இன்னும் பச்சைதான். பச்சை விளக்கு, அவன் அழுத்தியதை மட்டும்தான் காட்டும். ப்ளக்கில் கரண்ட் வந்ததா என்று அதற்குத் தெரியாது. அது அவனுக்குத் தெரிந்த ஓட்டைதான். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டிருந்தான்.

ஓடினான்.

மெஷின் ஜில்லென்று கிடந்தது. மாமனாரின் கண்கள் திறந்திருந்தன. மோதிரம் போட்ட விரல் சுவரைத் தொட்டபடி. அங்கே சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு குழி.

"மாமா... மாமா!"

கையைப் பிடித்தான். விறைத்திருந்தது. செத்து வெகுநேரம் ஆன கை.

அப்படியானால், இப்போது தட்டியது?

வாசல் கதவு திறந்தது. மனைவி. அப்போதும் அந்த மகானுபாவனுக்குத் தன் தலையைக் காப்பாற்றத்தான் தோன்றியது. மெஷினின் வயரை அவசரமாக உருவி நேராகச் சுவர் ப்ளக்கில் சொருகினான். மெஷின் இரைந்தது. ஒரு பாவமும் அறியாதவன்போல் பிணத்தின் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டான்.

ஈரச் செருப்பு சத்தம் நடையில் வந்தது. இந்த அறைக்கு வரவில்லை. அவன் அறைக்குள் போனது.

"அப்பா!" மனைவியின் குரல். சந்தோஷத்தில் உடைந்த குரல். "எப்படிப்பா எந்திரிச்சு வந்தீங்க? அவர் சேர்ல உக்காந்து என்ன பண்றீங்க?"

அவன் குனிந்து பார்த்தான். கை கைக்குள்தான் இருந்தது.

விரலில் மோதிரம் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், டக்.