தின்னு காட்டிய சோறு

அக்கரப்பத்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கிய வினோதா, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு ஏறும் குறுக்குப் பாதையில் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மணி மூன்றுதான். ஆனாலும் பனி இறங்கித் தேயிலை மலையே தெரியவில்லை. அவள் மடியில் கிராம சேவகர் கையெழுத்துப் போட்ட கடிதம் பத்திரமாக இருந்தது.

புருஷன் கஜேந்திரன் ஏழு மாதமாக மறியல் சிறையில் கிடந்தான். வழக்கையே இன்னும் எடுக்கவில்லை. கோர்ட்டு பிணை கொடுத்தாயிற்று. பிணை நிற்கிறவர் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று வாங்கிக் காட்ட வேண்டுமாம். லயத்துக்கு ஏது தனி விலாசம்? இருபது குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றுதான். அந்தக் கையெழுத்துக்கு நாயாய் அலைந்ததில் மூன்று வாரம் அவனுக்குச் சோறு கொண்டுபோகவில்லை. மறியல் சாப்பாடு அந்த மனுசனுக்கு இறங்காது என்று தெரியும். போனால் கையெழுத்தோடுதான் போய் நிற்பேன் என்று ஒரு வீம்பு.

லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பராவின் பூட்டைத் திறந்தாள்.

அடுப்போரத்தில் கஜேந்திரன் குந்தியிருந்தான்.

அவளுக்கு உசிர் போய் உசிர் வந்தது. "எப்ப வந்தீங்க? யாரு பிணை நின்னா?"

ஈர மண் வாடை குப்பென்று அடித்தது.

"பசிக்குது புள்ள."

அழுகையும் சிரிப்புமாகக் காலையில் ஆக்கிய சோற்றைப் போட்டு, பருப்பும் கருவாட்டுக் குழம்பும் ஊற்றி முன்னால் வைத்தாள். அவன் கை நீட்டவில்லை.

"நீ தின்னு காட்டு."

மறியல் வாசலில் அப்படித்தான். விஷம் கிஷம் கலந்திருக்குமோ என்று, கொண்டுபோகிறவள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் தின்று காட்டினால்தான் காவலர் பார்சலை உள்ளே விடுவார்.

"வீட்டுலயுமா?" என்று கேலி செய்துகொண்டே எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்றாள். அதற்கப்புறம்தான் அவன் கை தட்டுக்கு வந்தது. நகமெல்லாம் மண்.

பூட்டு.

வெளியில் தொங்கிய பூட்டை அவள்தானே இப்போது திறந்தாள்.

"வினோதா." வாசலில் பக்கத்துக் காம்பரா பொன்னையா, பிணை நிற்க ஒத்துக்கொண்டவர். கையில் மறியலிலிருந்து வந்த, பிரித்த கடிதம். "தோட்டத்து ஆபீசுல கெடந்துச்சும்மா. லயத்து நம்பர் இல்லாததால யாருக்குன்னு தெரியாம அப்புடியே போட்டு வச்சிருக்காங்க." கடிதத்தை அவளிடம் நீட்டினார். "கஜேந்திரன் காய்ச்சல்ல போயிட்டானாம். பதினெட்டு நாளாச்சு. நம்ம ஆளுங்க யாரும் வரலன்னு அவங்களே பொதைச்சுட்டாங்களாம்."

வினோதா திரும்பினாள்.

அடுப்போரம் வெறுமையாக இருந்தது.

தட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை.

பொன்னையா தரையைப் பார்த்தார். வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் ஆம்பளை ஒருத்தனின் சேற்றுக் கால் தடம். உள்ளே போன தடம் மட்டும்தான்; திரும்பிய தடம் இல்லை.

"கதவப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கு வந்துரும்மா," என்று கிசுகிசுத்தார்.

"மறுபடியும் பூட்டச் சொல்றீங்களாண்ணே?"

பூட்டைக் கழற்றித் தேயிலைக்குள் வீசினாள். மூன்று வாரப் பட்டினி அவள் போட்டது. உள்ளே போய், சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தட்டில் போட்டாள். ஒரு வாய் எடுத்து மென்று விழுங்கினாள்.

"தின்னு காட்டிட்டேன். சாப்புடுங்க."

வாசலில் நின்ற பொன்னையாவின் கண்ணெதிரே, தட்டிலிருந்த சோறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்கியது.