வால் கயிறு

கண்ணயர்ந்து எழுந்தபோது ருஸ்லிக்கு உடம்பு தொப்பலாக நனைந்திருந்தது. ஏதோ ஓர் அலை அடித்துவிட்டுப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். ஜெப்பா ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டால் மரவள்ளிக்கிழங்கின் ருசியே இல்லை, வெறும் உப்பு. சனியன், சோற்று மூட்டையைக்கூடக் கடல் விட்டுவைக்கவில்லை.

சண்டேக் படகு மட்டும் சமர்த்தாக மாஜெனே கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைச் சுக்கானின் ஒரு பக்கமும், பழைய டியூப் ரப்பரை மறு பக்கமும் கட்டிவிட்டால் போதும். காற்று ஏறினால் கயிறு இழுக்கும், இறங்கினால் ரப்பர் இழுக்கும். படகு தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆள் தூங்கலாம். ஆள் கடலில் விழுந்தாலும் அது பாட்டுக்குப் போய்விடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. அதற்காகத்தான் பின்னால் நீளமாக மிதந்து வருகிறது வால் கயிறு. அதன் தலைப்பு சுக்கானில் கட்டியிருக்கும். விழுந்தவன் அதைப் பிடித்துத் தொங்கினால் சுக்கான் திரும்பி, படகு காற்றுக்கு முகம் காட்டி நின்றுவிடும்.

காலையில் அவன் மனைவி ராபியா இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி வந்து அந்த முடிச்சைத் தன் கையாலேயே போட்டாள்.

“படகு மட்டும் வந்து நீங்க வரலைன்னா, அதைக் கொளுத்திட்டுத்தான் மறுவேலை.”

“எங்கப்பன் சொத்துடி அது!”

“இளிக்காதீங்க. வீடு வந்து சேருங்க, அது போதும்.”

பொழுது சாய்ந்தது. ஒரு பறவை இல்லை, இன்னொரு பாய் கண்ணில் படவில்லை. இத்தனை பெரிய கடலில் தான் ஒருவன்தான் என்று நினைத்தபோது அவனுக்கு என்னவோ அழுகை வந்தது.

சுக்கான் தானாகத் திரும்பியது.

பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நின்றது. பின்னால் வால் கயிறு விறைத்திருந்தது. ஏதாவது கட்டை சிக்கியிருக்கும். ஓங்கி உதறினான். கயிறு தளர்ந்தது, படகு மறுபடி ஓடியது.

கொஞ்ச தூரம்தான். மறுபடி விறைத்தது.

ஓர் இழுப்பு. ஓய்வு. இன்னோர் இழுப்பு. கட்டையா இப்படி இழுக்கும்? கை மாற்றிக் கை மாற்றி, யாரோ கயிற்றைப் பற்றி வருகிறார்கள்.

“யாரது?”

இருமல் சத்தம் மட்டும். கிட்டத்தில்.

அவன் கத்தியை எடுத்தான். கயிற்றை அறுத்தான்.

படகு துள்ளி ஓடியது.

“போய்த் தொலை!” என்று கத்தினான்.

பின்னாலிருந்து பதில் வந்தது. அவன் குரலிலேயே.

“அடப்பாவி! ராபியா கட்டுன கயிறுடா அது!”

திரும்பிப் பார்த்தான். அலைக்கு நடுவே ஒரு தலை. அவன் முகம். தூக்கிய கையில் அறுந்த கயிறு.

“நில்லுடா... நில்லு...”

படகு நிற்கவில்லை. முகம் சிறுத்தது. பிறகு கை மட்டும். பிறகு தண்ணீர்.

இருட்டிய பிறகு கரை வந்தது. ராபியா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள்.

“வந்துட்டீங்களா?”

வந்துட்டேன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். உப்புத் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது.