மீனுக்கு ஒரு வாய், சிட்டுவுக்கு ஒரு வாய்

முந்தைய நாள் மாலை இட்ட மூன்று தீவனக் குருணைகளும் காலையில் நீரின்மேல் மிதந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் அவை மீன்தொட்டியின் நடுவில் இல்லை. சாப்பாட்டு மேசையில் மகள் அமரும் நாற்காலிக்கு நேரெதிரே, கண்ணாடியோரமாக, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. சன்னல் காற்று தள்ளியிருக்கும் என்று தாய் எண்ணினாள். சன்னல் இரவு முழுவதும் சாத்தியிருந்தது என்பது, குருணைகளை வலையால் அள்ளி எறிந்த பிறகே அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அந்த நீலநிற ஃபைட்டர் மீனை அவள் அழகுக்காக வாங்கவில்லை. வீட்டில் சிட்டு என்று அழைக்கப்படும் ஐந்து வயது மகள், ஒரு மாதமாக உணவைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். இன்னும் அரைக் கிலோ குறைந்தால் மருத்துவமனையில் சேர்த்து மூக்கு வழியே குழாய் செலுத்த வேண்டிவரும் என்று குழந்தை மருத்துவர் கூறிவிட்டார். வேடிக்கை காட்டி ஊட்டுவது தாய்மார்கள் அறிந்த வித்தைதானே. ஆகவே, மீனுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய் என்று மகளுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டாள். மீனே உண்ண மறுக்கக்கூடும் என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"அது சாப்பிடட்டும். அப்புறம் நான்," என்றாள் சிட்டு, கன்னத்தில் கைவைத்தபடி.

தாய் வளர்ப்புமீன் கடைக்காரரிடம் சென்று முறையிட்டாள்.

"புதுசா வந்த ஃபைட்டர் நாலு நாள் வீம்பு பண்ணும்மா. மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கோங்க," என்று சிரித்த அவர், உறையவைத்த சிவப்புப் புழுக்களை ஒரு பொட்டலம் கொடுத்தார்.

மீன் ஒரு புழுவை வாங்கிச் சற்றே சுவைத்துத் துப்பியது. சிட்டுவும் வாயிலிருந்த மசித்த உருளைக்கிழங்கைத் துப்பினாள்.

லாரி ஓட்டும் கணவன் வெளியூரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். "என்ன, உன் பொண்ணும் மீனும் கூட்டணி போட்டு உண்ணாவிரதமா?"

"வெளையாடாதீங்க. கவுனு தோள்ல நிக்க மாட்டேங்குது. நேத்துதான் பிடிச்சுத் தச்சேன், இன்னிக்கு மறுபடி தொளதொளங்குது."

"மீன் தின்ன மாதிரி நடிச்சுக் காட்டேன். அவளுக்கு என்ன தெரியப்போகுது?"

அவ்வாறே அவள் குருணையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "பாரு, முழுங்கிடுச்சு," என்றாள். சிட்டு அவள் கையைக் கவனிக்கவே இல்லை. மீனிடம் ஏதோ கேட்பவள்போலத் தலையைச் சாய்த்திருந்துவிட்டு, "இல்லங்குது," என்றாள்.

மீன் வந்த பத்தாம் நாள் மாலை, துணிக்கடைக்குத் திருத்தித் தரவேண்டிய சட்டைகள் மேசையில் குவிந்துகிடக்க, வெளிச்சம் மங்கி அறையின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்துவர, தேங்கிய நீரின் பாசி வாடையும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து தொண்டையில் ஒட்ட, அவள் விரலுறை அணியாமல் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மீன் மேலே வந்து காற்றை விழுங்கும் ஓசை மட்டும் கேட்டது. ப்ளக். சற்றுப் பொறுத்து, மீண்டும் ப்ளக். இம்முறை அது தொட்டியிலிருந்து வரவில்லை. மகளின் உதடுகளிலிருந்து வந்தது.

ஊசி விரலில் ஆழமாக இறங்கியது. கையை உதறியபோது ஒரு துளி ரத்தம் தொட்டி நீரில் விழுந்தது.

மீன் பாய்ந்து வந்தது. விழுங்கியது. துப்பவில்லை.

"இப்ப எனக்கு," என்றாள் சிட்டு.

ஒரு மாதத்திற்குப் பிறகு அந்த வாய் தானாகத் திறந்தது. தாய் அவசரமாகக் கரண்டியில் உணவை எடுத்து நீட்டினாள். சிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது தின்னதுதான் எனக்கு."

தாய் தன் விரலைப் பார்த்தாள். மகளின் கழுத்தெலும்பைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டினாள்.

மூன்று வாரங்களில் எடை முக்கால் கிலோ கூடியது. மருத்துவர் வியந்தார். "என்னம்மா பண்ணீங்க? கன்னம்கூட வந்துடுச்சே."

"பக்கத்துல உக்காந்து ஊட்டினேன், டாக்டர்," என்ற தாய், கட்டுப்போட்ட கைகளைப் பையின் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அன்று மாலை, கட்டில்லாத கடைசி விரலில் ஊசியை இறக்கினாள். துளி விழுந்தது. மீன் வந்தது. வாயில் வாங்கியது.

துப்பியது.

நீருக்குள் ஒரு சிவப்பு நூல் மெல்ல அவிழ்ந்து கரைந்தது. சிட்டு புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"விரல் அலுத்துப்போச்சாம்."

"ஒரே ஒரு வாய், கண்ணு. அம்மாவுக்காக."

"வேணாமாம்."

மீனின் செவுள்மூடிகள் விரிந்தன. துடுப்புகள் விறைத்தன. அது அசையாமல் நின்றது. சிட்டுவும் இமைக்கவில்லை. இருவருமே தாயின் கையைப் பார்க்கவில்லை. சற்று மேலே பார்த்தார்கள்.

ப்ளக்.

"வேற... வேற என்ன வேணுமாம்?"

சிட்டு நாற்காலியில் ஏறி நின்றாள். சுட்டுவிரலை நீட்டினாள். ஈரமான விரல். நீரைப்போலக் குளிர்ந்த விரல். அது தாயின் இடது கண்ணுக்குக் கீழே, இமையின் மென்மையான ஓரத்தில் வந்து அமர்ந்தது. மெதுவாக அழுத்தியது.

"இது."

குழாய். குழந்தையின் மூக்கு. எடைக்கருவியின் முள்.

தாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளது கை மட்டும் மேசையின்மேல் துழாவி, சட்டைகளை விலக்கி, கரண்டியைக் கண்டுகொண்டது.